அசல்

மார்ச் மாதம். கூரை விளிம்பில் பனி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.
"ஐம்பத்தெட்டில் கட்டியது. எல்லாமே அசல்"
என்றான் தரகன் டாரின்,
மன்னிப்புக் கேட்கிற குரலில்.
கிராண்ட் ராப்பிட்ஸில் மூன்று மாதமாக
விலை இறங்கி இறங்கி
யாரும் சீந்தாமல் கிடந்த வீடு.

அண்டை அசலில் எல்லாரும் மாற்றிவிட்டார்கள்.
சாம்பல் தரை, சாம்பல் சுவர்,
வாசலில் சாம்பல் நிறக் கார்.
இங்கே மட்டும்
ரோஜா நிறத்தில் ஒரு குளியலறை.
தொட்டி ரோஜா, கழிப்பிடம் ரோஜா,
காகிதச் சுருளை மாட்டும் குமிழ்கூட.
கூடத்துச் சுவரில் ஒரு சின்ன மாடம்,
கறுப்புத் தொலைபேசி ஒன்றுக்கு மட்டும் அளவெடுத்தது.
நடைவழியில் ஒரு குட்டிக் கதவு,
திறந்தால் அழுக்குத் துணியை
நேரே நிலவறைக்கு விழுங்கும்.

மார்லீஸ் தன் கையுறையை அதில் போட்டாள்.
கீழே ஓடி எடுத்துவந்து
மறுபடி போட்டாள்.
இனி பேரம் பேச முடியாது என்று
எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கார்ச் சாவியை உருட்டியபடி நின்றிருந்தான்
செத்துப்போனவரின் மகன் வெர்ன் ஹோக்ஸ்ட்ரா.
"எவ்வளவு பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்!" என்றாள் இவள்.
"பத்திரமாவது.
அப்பா கஞ்சன்.
வெள்ளைக் குளியலறை வேண்டும் என்று
அம்மா முப்பது வருஷம் கேட்டாள்.
கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தாள்."

மார்லீஸின் கை ஓட்டின் மேல் இருந்தது.
எடுக்கவும் இல்லை
தடவவும் இல்லை.

வங்கியில் நீள அட்டவணை ஒன்றைத் திருப்பிக் காட்டினாள் ஒரு பெண்.
"முதல் பத்து வருஷம் வட்டிக்கே போகும்.
அசல் அவ்வளவாக அசையாது."
"வீட்டைப் போலவே" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
இருபத்திரண்டு இடத்தில் கையெழுத்து.
கடைசி மூன்றில்
என் பெயர் எனக்கே புரியவில்லை.

வீட்டைச் சோதிக்க வந்தவர்
மருந்துப் பெட்டியின் முதுகில் டார்ச் அடித்தார்.
தகரத்தில் ஒரு கீறல், விரல் நகம் நுழையும் அளவு.
"சவர பிளேடு போடுகிற துளை.
தேய்ந்ததை இதில் தள்ளினால் சுவருக்குள் விழும்."
"பிறகு?"
"பிறகென்ன. சுவர்தான்."
அறிக்கையில் அவர் அதைக் குறிக்கவில்லை.
தளர்ந்த சாக்கடைக் குழாயைக் குறித்தார், அதற்கு எழுநூறு டாலர்.

குடிவந்து இரண்டு மாதம்.
வெள்ளை ஓட்டுக்கு ஒருவன் எழுதிக்கொடுத்த விலைச்சீட்டு
குளிர்பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது.
மார்லீஸ் அதைக் கிழிப்பதுமில்லை,
அவனைக் கூப்பிடுவதுமில்லை.
ஒரே ஒரு வெள்ளைத் துண்டு வாங்கிவந்து
கம்பியில் தொங்கவிட்டிருக்கிறாள்.
அதில் நான் கை துடைத்தால்
கோபம் வருகிறது.

நான் வாங்கியது ஒரு பழைய மாதிரி ரேஸர்.
அந்தத் துளைக்காகவேதான், வேறு காரணமில்லை.
முகவாயில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டேன்.
எட்டாம் நாள் பிளேடைக் கழற்றி
கீறலில் வைத்துத் தள்ளி
ஓட்டில் காதை ஒட்டினேன்,
நெடுந்தூரம் விழும் என்று.

விழவில்லை.
உள்ளே நுழைந்ததுமே
இரும்பு மேல் இரும்பு, ஒரு சின்னச் சத்தம்.
என் தாடை உயரத்திலேயே நின்றுவிட்டது.
அதற்குக் கீழே முழுக்க
அவர்.

வெர்ன்,
கஞ்சனா இத்தனை பிளேடு மாற்றுவான்?